பெயருக்கு நல்லவளா, மெய்யாக நல்லவளா?



வீடு சந்திக்கப் போகும்போது தாய்மார் தங்கள் மகளைப் பங்குக் குருவுக்கு எப்படி அறிமுகப்படுத்துகிறார்கள்? "சாமி, இவ ரொம்ப நல்ல பொண்ணு. வாயே திறக்க மாட்டா. இருக்கிற இடமே தெரியாது" என்பார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டு நிற்கும். மகனைக் குறித்து ஒருவரும் இப்படிப் புகழுவதில்லை. "நல்லாப் படிப்பான், தைரியமானவன், நாலு பேருக்கு ஒத்தாசை பண்ணுவான்" என்கிறார்கள். அதாவது ஆண்பிள்ளைக்கு நன்மை என்பது அவன் செய்கிற காரியம். பெண்பிள்ளைக்கு நன்மை என்பது அவள் செய்யாமல் இருக்கிற காரியம். இப்படி எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத ஒரு ஞானோபதேசம் நம் வீடுகளில் நடந்து வருகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி நாம் சற்று யோசிப்போம். காரியம் அற்பமானதல்ல. "நல்லது" என்ற வார்த்தைக்கு ஒரு பெண்பிள்ளை தன் உள்ளத்தில் என்ன பொருள் வைத்திருக்கிறாளோ, அதன்படியேதான் அவள் நடப்பாள். ஆபத்து வரும் நாளில் அவள் பேசுவாளா, வாயை மூடிக்கொள்வாளா என்பதும் அதையே பொறுத்தது.

முதலாவது, பெண்பிள்ளைகள் நன்மை தீமையை எப்படி நிதானிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய சிநேகிதி ஒருநாள் டியூஷன் முடிந்து வரும்போது அழுதுகொண்டே சொல்கிறாள்: "ஒரு பையனுக்கு என் போட்டோவை அனுப்பிவிட்டேன். இப்போது இன்னும் கேட்கிறான். அனுப்பாவிட்டால் பழையதை எல்லாருக்கும் காட்டிவிடுவேன் என்று மிரட்டுகிறான். நீ யாரிடமும் சொல்லக் கூடாது, மாதா மேல் சத்தியம் பண்ணு." இவளும் சத்தியம் செய்துவிடுகிறாள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பத்துக் கற்பனைகளில் இது எத்தனையாம் கற்பனை என்று அவள் எண்ணிப் பார்ப்பதில்லை. "சொன்னால் அவளுடைய அப்பா அவளை அடித்தே கொன்றுவிடுவார், சொல்லாவிட்டால் அந்தப் பையன் அவளைக் கெடுத்துவிடுவான். சொன்னால் நான் துரோகி, சொல்லாவிட்டால் நான் கைவிட்டவள்" என்றுதான் அவள் மனம் புரளுகிறது. யாருக்கு நோகும், யார் தனியாக விடப்படுவார் என்பதே அவள் கேட்கும் கேள்வி.

இப்படி யோசிப்பதைப் படித்தவர்கள்கூட வெகுகாலம் தாழ்வாக எண்ணினார்கள். லாரன்ஸ் கோல்பர்க் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1958-ல் சிக்காகோ சர்வகலாசாலையில் ஓர் ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தார். பிள்ளைகளுக்கு அவர் ஒரு கதையைச் சொல்லிக் கேள்வி கேட்டார். ஒருவனுடைய மனைவி சாகக் கிடக்கிறாள். மருந்துக்காரன் கேட்கும் விலையைக் கொடுக்கப் புருஷனிடம் பணமில்லை. கடனாகவும் மருந்து கிடைக்கவில்லை. அவன் அதைத் திருடலாமா? பதில்களைக் கொண்டு பிள்ளைகளின் நல்லறிவு படிப்படியாக வளருகிறது என்று அவர் காட்டினார். ஆனால் அந்த ஆராய்ச்சியில் அவர் கேட்டுப் பார்த்த 72 பேரும் ஆண்பிள்ளைகள்.

கரோல் கில்லிகன் என்ற அம்மாள் 1982-ல் வெளியிட்ட நூலில் இந்தக் குறையை எடுத்துக் காட்டினார். இதே கதையைக் கேட்ட 11 வயதுச் சிறுவன், பணத்தைவிட உயிர் பெரிது, ஆகையால் திருடலாம் என்று கணக்குத் தீர்ப்பதுபோல் தீர்த்துவிட்டான். அதே வயதுச் சிறுமியோ, திருடவும் கூடாது, மனைவி சாகவும் கூடாது என்றாள். அவன் திருடிச் சிறைக்குப் போனால், அப்புறம் அவளுக்கு நோய் அதிகமானால் யார் பார்ப்பது? கடன் வாங்கலாமே, எல்லாரும் உட்கார்ந்து பேசி வேறு வழி தேடலாமே என்றாள். பழைய அளவுகோலின்படி சிறுவன் மேல்படியில் நின்றான். சிறுமி கீழ்ப்படியில் நின்றாள். அவள் அறிவு குறைந்தவளல்ல, மனிதருக்குள் உள்ள பந்தத்தைப் பார்க்கிறாள் என்று கில்லிகன் அம்மாள் வாதித்தார். பிற்பாடு பல ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து 2000-ல் நிறுத்துப் பார்த்தவர்கள், இந்த விஷயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சிறிதே என்று கண்டார்கள். ஆகையால் இது பெண்ணின் பிறவிக் குணம் என்று நாம் சாதிக்க வேண்டாம்.

அந்த அம்மாளின் கருத்துக்கள் எல்லாம் நமக்குச் சம்மதமல்ல. ஆனாலும் அவர் கண்ட ஓர் உண்மையை நாம் தள்ளிவிட முடியாது. சிறு வயதில் பெண் தன்னை மாத்திரமே பார்க்கிறாள். பிறகு, தன்னை அழித்துக்கொண்டு பிறரைத் திருப்திப்படுத்துவதே நன்மை என்று எண்ணுகிறாள். பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கும் அப்பால் ஒரு படி இருக்கிறது. உண்மையை மறைக்காமல், பிறரோடுகூடத் தன்னையும் கவனிக்க வேண்டிய ஓர் ஆளாக ஏற்றுக்கொள்வதே அது. இது நமக்குப் புதிதா? தன்னைப்போலப் பிறனையும் நேசிக்க வேண்டும் என்று நம் ஆண்டவர் கட்டளையிட்டபோது, தன்னை என்ற வார்த்தையை அவர் விட்டுவிடவில்லையே.

இரண்டாவது, பிறரைத் திருப்திப்படுத்துவதே நன்மை என்று நின்றுவிட்டால் என்ன கேடு வரும் என்று பார்ப்போம்.

சுவிசேஷத்தில் தாய் சொல்லைத் தட்டாத ஒரு பெண்பிள்ளை வருகிறாள். அவள் யார் தெரியுமா? ஏரோதியாளின் மகள். ஏரோது ராசாவின் பிறந்தநாள் விருந்தில் அவள் நடனமாடினாள். எதைக் கேட்டாலும் தருகிறேன் என்று ராசா சத்தியம் செய்தான். அவள் தன் இஷ்டப்படி ஒன்றும் கேட்டுவிடவில்லை. நேரே தாயிடம் ஓடினாள். என்ன கேட்கட்டும் என்றாள். தாய் சொன்னபடியே அர்ச். ஸ்நாபக அருளப்பருடைய தலையைக் கேட்டாள். தட்டில் ஏந்திக்கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்தாள். அந்த வீட்டில் அவளுக்கு நல்ல பிள்ளை என்ற பெயர் கிடைத்திருக்கும். ராசாவும் சளைத்தவனல்ல, விருந்தாளிகள் என்ன நினைப்பார்களோ என்று, மனம் வருந்தியும் சத்தியத்தைக் காப்பாற்றினான். மகளின் கீழ்ப்படிதலும் ராசாவின் வாக்குச் சுத்தமும் சேர்ந்து ஒரு தீர்க்கதரிசியைக் கொன்றன.

இன்னொரு பெண்ணைப் பாருங்கள். நாசரேத்தூரில் மண ஒப்பந்தமாகியிருந்த இளம்பெண் கன்னிமரியம்மாள். அவளிடத்தில் வந்தவர் கபிரியேல் சம்மனசு; கொண்டுவந்த செய்தியோ சர்வேசுரனுடைய செய்தி. ஆனாலும் அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. வாழ்த்துரையின் பொருள் என்னவென்று தனக்குள் யோசித்தாள். இது எப்படி ஆகும் என்று வாயைத் திறந்து கேட்டாள். சம்மனசு கோபித்துக்கொள்ளவில்லை, விளக்கம் சொன்னார். அதன்பின்னரே தன்னை ஆண்டவருக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்தாள். ஊர் என்ன சொல்லும் என்று பார்த்திருந்தால் அந்தச் சம்மதம் பிறந்திருக்குமா? சம்மதித்த பிறகும் அவள் மூலையில் ஒடுங்கியிருக்கவில்லை. மலைநாட்டுக்குப் புறப்பட்டுப் போய், முதிர்ந்த வயதில் கர்ப்பவதியாயிருந்த எலிசபெத்தம்மாளைச் சந்தித்து, ஏறக்குறைய மூன்று மாதம் அவளோடு தங்கினாள். யோசித்தாள், கேட்டாள், சம்மதித்தாள், எழுந்து போனாள். "இருக்கிற இடமே தெரியாத" பெண் என்று தேவமாதாவைச் சொல்ல முடியுமா?

நம் பெண்பிள்ளைகள் ஏரோதியாளின் மகளைப்போல் பெரும் பாவம் செய்கிறவர்களல்ல. ஆனால் பாதை அதேதான். பக்கத்துப் பெஞ்சுக்காரி முகம் சுளிப்பாளே என்று பரீட்சையில் விடைத்தாளைச் சாய்த்துக் காட்டுகிறாள். வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தியின் நிறத்தையோ வீட்டு வறுமையையோ கேலி செய்து எழுதினால், பத்துப் பேர் சிரிக்கிற அடையாளத்தைப் போடும்போது இவளும் போட்டுவைக்கிறாள். மனதுக்குள் அது தப்பு என்று தெரியும். ஆனால் ஒருவரும் தன்னை வெறுக்கக் கூடாது. அதுவல்லவோ அவள் படித்த நன்மை! யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் விருப்பப்படி வளைகிற நன்மை, நல்லவர்கள் பக்கத்தில் இருந்தால் ஜெபமாலை சொல்லும்; கெட்டவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் சொன்னதையும் செய்யும். வீட்டில் நல்ல பெண்ணாயிருந்தவள் ஹாஸ்டலுக்குப் போனதும் மாறிவிட்டாள் என்று பெற்றோர் அழுகிறார்கள். அவள் மாறவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் மாறிவிட்டன.

இதிலிருந்து விடுபட்டவர்களும் உண்டு. குழந்தை சேசுவின் அர்ச். தெரேசம்மாள் சிறுமியாயிருந்தபோது, தான் செய்த சிறு உதவியைப் பார்த்து அக்காள் செலின் சந்தோஷப்படாவிட்டால் அழுதுவிடுவாளாம். இதை அவளே தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறாள். 1886-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு, அவளுக்குப் பதினான்கு வயது முடிய ஒரு வாரம் இருந்தபோது, நடுச்சாமப் பூசை முடிந்து எல்லாரும் வீடு திரும்பினார்கள். பரிசு வைத்திருந்த காலணிகளைப் பார்த்து, களைத்துப்போயிருந்த தகப்பனார் சற்றே சலித்துக்கொண்டது அவள் காதில் விழுந்தது. கண்ணீர் முட்டியது. அதை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கி வந்து, சந்தோஷமாகப் பரிசுகளை எடுத்துக் காட்டி, தகப்பனாரைச் சிரிக்க வைத்தாள். பாராட்டுக்காக ஏங்கிய நன்மை அன்றிரவு பாராட்டில்லாமலே நிற்கிற அன்பாக மாறிற்று. தன் வாழ்க்கையின் பெரிய மனமாற்றம் என்று அவள் அதையே குறிப்பிட்டாள். 1997-ல் திருச்சபை அவளை வேதபாரகி என்று அறிவித்தது.

மூன்றாவது, ஒரு தடையைத் தீர்ப்போம். "சாமி, பெண்பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்தால் கீழ்ப்படிதல் போய்விடுமே! நாலாம் கற்பனை என்னாவது?" என்று சிலர் கேட்பார்கள்.

நாலாம் கற்பனை அழியாது. பெற்றோரை மதிப்பதும், நியாயமான காரியங்களில் அவர்களுக்குக் கீழ்ப்படிவதும் பிள்ளைகளின் கடமை. ஆனால் மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடச் சர்வேசுரனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர்கள் சங்கத்துக்கு முன்பாகச் சாட்சி சொன்னார்கள். மனச்சாட்சிக்கு விரோதமாக நடப்பது பாவம் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் கற்பித்தார். மனச்சாட்சி மனிதனுடைய மிக அந்தரங்கமான இடம், அங்கே அவன் சர்வேசுரனோடு தனித்திருக்கிறான் என்ற கருத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் உலகுக்கு எடுத்துரைத்தது. அந்த இடம் ஆணுக்கு மாத்திரம் வைக்கப்படவில்லை. ஞானஸ்நானத்தில் உங்கள் மகளுக்கும் முழு ஆத்துமமே இருந்தது, அரை ஆத்துமம் அல்ல. மனச்சாட்சி என்பது மனதுக்குத் தோன்றியபடி நடப்பதும் அல்ல. ஜெபத்தாலும் தேவ வார்த்தையாலும் பெரியோர் புத்திமதியாலும் அதைப் பழக்க வேண்டும். கேள்வியே கேட்காத பிள்ளையின் மனச்சாட்சியை யார் பழக்க முடியும்?

இனி, மிகவும் பாரமான காரியத்தைச் சொல்லுகிறேன். பெண்பிள்ளைகளுக்கு மாதிரியாக அர்ச். மரிய கொரெற்றியை நாம் காட்டுகிறோம். அது சரியே. 1890-ல் இத்தாலியில் கொரினால்தோ ஊரில் ஏழைக் குடியானவர் வீட்டில் அவள் பிறந்தாள். தகப்பனார் 1900-ல் மலேரியாவால் இறந்தார். தாய் வயலுக்குப் போக, இவள் வீட்டையும் சிறு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள். 1902-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி, அதே வீட்டில் குடியிருந்த அலெக்சாந்திரோ என்னும் 20 வயது வாலிபன் அவளைக் கெடுக்க முயன்றான். இது பாவம், சர்வேசுரனுக்குப் பிரியமில்லை என்று அவள் தடுத்தாள். அவன் 14 முறை குத்தினான். மறுநாள் அவள் அவனை மன்னித்து உயிர்விட்டாள். 27 வருடம் சிறையிலிருந்து மனந்திரும்பிய அவன், பின்னர் அவள் தாயிடம் வந்து மன்னிப்புக் கேட்டான், அவளும் மன்னித்தாள். 1950 ஜூன் 24-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் மரியாளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தார். அவள் தாய் அதைக் கண்ணால் கண்டாள்.

இந்தச் சரித்திரத்தை இரண்டு விதத்தில் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

ஒன்று: பலவந்தத்துக்கு ஆளாகி உயிரோடிருக்கும் பெண் கற்பை இழந்துவிட்டாள் என்று எண்ணுவது. அது பொய். 410-ல் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது பல கிறிஸ்தவப் பெண்கள் பலவந்தப்படுத்தப்பட்டார்கள். அவர்களைத் தூஷித்தவர்களுக்கு அர்ச். அகுஸ்தீன் தம்முடைய "தேவ நகரம்" என்னும் நூலின் முதற் புத்தகத்திலேயே மறுமொழி எழுதினார். கற்பு மனதின் புண்ணியம். சம்மதமில்லாமல் இன்னொருவன் செய்த அக்கிரமம் அதைத் தொடாது என்றார். பாவம் செய்தவன் அவன், அவள் அல்ல. அந்தப் பெண்ணைக் குற்றவாளிபோல் பார்க்கிற அண்டை வீட்டார்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியவர்கள்.

இரண்டு: அந்த ஜூலை மாதத்துக்கு முன்பே அலெக்சாந்திரோ அவளை அணுகியிருந்தான், தாயிடம் சொன்னால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருந்தான். அவள் ஒருவரிடமும் சொல்லாமல் அந்தப் பயத்தைத் தனியே சுமந்தாள். குற்றம் அந்தக் குழந்தையுடையதல்ல, மிரட்டியவனுடையது. ஆனால் இதைப் படிக்கும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நம் மகளை ஒருவன் மிரட்டினால் இன்று மாலையே வந்து நம்மிடம் சொல்லுவாளா? அல்லது, "வாயே திறக்க மாட்டா" என்று நாம் புகழ்ந்த புகழ்ச்சியே அவள் வாயைக் கட்டிவிடுமா?

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களைத் தகாத விதமாகத் தொடுகிறவன், பேசுகிறவன், படம் கேட்கிறவன் சித்தப்பனானாலும், ஆசிரியனானாலும், குருவானவராகவே இருந்தாலும், வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவல்ல. அதை நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்வது கோள் சொல்வதும் அல்ல. ஒருவர் நம்பாவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 18 வயதுக்குட்பட்டவர்களைக் காப்பதற்கென்று 2012-ல் நம் தேசத்தில் சட்டம் வந்தது. தெரிந்தும் மூடி வைப்பது அந்தச் சட்டப்படி குற்றம். குருக்களும் துறவிகளும் இப்படிப்பட்ட தீமையை அறிந்தால் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2019-ல் கட்டளையிட்டார்.

சிநேகிதிக்குச் சத்தியம் செய்துவிட்டுத் தூங்காமல் கிடந்த பெண்ணை மறந்துவிடவில்லை. அவளுக்கு மறுமொழி இது: மகளே, தீமையைக் காப்பாற்றச் செய்த சத்தியம் உன்னைக் கட்டாது, அப்படிப்பட்ட சத்தியத்தைக் காப்பாற்றினவன் ஏரோது. நீ சிநேகிதியை நேசிப்பது நல்லது. ஆகையால் அவளைத் தனியே விடாதே. "நாம் இரண்டு பேரும் சேர்ந்து உன் அம்மாவிடம் சொல்லுவோம், நான் உன் பக்கத்தில் நிற்பேன்" என்று சொல். அம்மாவிடம் முடியாவிட்டால் ஆசிரியையிடமோ கன்னியரிடமோ அவளோடு போ. அவள் சில நாள் உன்னோடு பேசாமல் இருக்கலாம். அந்தக் கோபத்தைத் தாங்குவதும் சிநேகத்தின் ஒரு பங்குதான்.

இரவு ஜெபத்தில் ஆத்தும சோதனை செய்யும்போது இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று நான் செய்ததை யாருக்குப் பயந்து செய்தேன்? அதனால் யாருக்கு நோவு, என்னையும் சேர்த்து? இதை அப்படியே சேசுநாதரிடம் சொல்லக் கூசுகிறேனா?

பெற்றோர்களே, உங்களுக்கும் மூன்று காரியம். கட்டளையிடும்போது காரணத்தையும் சொல்லுங்கள். மகள் முதல்முறையாக ஒரு கசப்பான உண்மையைக் கொண்டுவரும்போது கையை ஓங்காதேயுங்கள். அன்று அடித்தால் அடுத்த உண்மை உங்கள் வாசலுக்கு வராது. மகளுக்குச் சொல்லும் அடக்கத்தையும் கற்பையும் மகனுக்கும் சொல்லுங்கள். ஆறாம் கற்பனை பெண்களுக்கு மாத்திரம் கொடுக்கப்பட்டதல்ல.

அடுத்த முறை வீடு சந்திக்க வரும்போது, "சாமி, இவ நல்ல பொண்ணு, தப்புன்னா தப்புன்னு சொல்லுவா, எதுவானாலும் எங்ககிட்டே வந்து சொல்லிருவா" என்று கேட்க ஆசைப்படுகிறேன். சம்மனசிடமும் கேள்வி கேட்டு, முழு மனதோடு சம்மதித்த நம் தேவதாயார், நம் பங்கின் பெண்பிள்ளைகளுக்குத் தெளிந்த மனச்சாட்சியையும் பேசும் தைரியத்தையும், பெற்றோராகிய உங்களுக்குப் பொறுத்துக் கேட்கும் காதுகளையும் தம் திருக்குமாரனிடத்தில் பெற்றுத் தருவாளாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு